காத்திருக்கும் நாயைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

குடும்பத்தோடு போகிற திறந்தவெளி விழாக்களில் நாய் விளையாட்டுகளும், போலீஸ், மீட்பு, மேய்ப்பு நாய்களின் செயல்விளக்கங்களும் நடக்கின்றன அல்லவா, அதைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் எழுதுங்கள் என்று சென்ற இதழில் கேட்டிருந்தேன். கடிதங்கள் குவிந்துவிட்டன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எங்கள் பிள்ளைகளுக்கு ஏழு வயதும் பத்து வயதும் ஆகின்றன. முதல் தடவையாக இப்படி ஒரு விழாவுக்குப் போகிறோம். ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? எதைத் தவறவிடக் கூடாது?

எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்பட்டால் ஒன்றையும் சரியாகப் பார்க்காமல் கால் வலியோடு திரும்புவீர்கள். நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்ததும் பிள்ளைகளோடு உட்கார்ந்து இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுங்கள், அவற்றை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இருந்து பாருங்கள். மோப்ப நாய், மந்தை ஓட்டும் நாய் போன்ற நிதானமான நிகழ்ச்சிகளைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது, பிள்ளைகளுக்குப் பொறுமை இருக்கும் நேரம் அதுதான். பெட்டியிலிருந்து பந்தைக் கவ்விவரும் ஃப்ளைபால் தொடர் ஓட்டம், தண்ணீருக்குள் பாயும் போட்டி, பொம்மையைத் துரத்தும் ஓட்டம் இதெல்லாம் சத்தமும் வேகமுமாக இருக்கும், களைத்துப்போன பிள்ளையைக்கூட நிமிர்ந்து உட்காரவைத்துவிடும், அதனால் மதியத்துக்கு மேல் பார்க்கலாம்.

எங்கே நிற்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஃப்ளைபாலில் கூட்டமெல்லாம் தொடக்கக் கோட்டருகே நிற்கும். நீங்கள் எதிர்க் கோடிக்கு, பந்துப் பெட்டி இருக்கும் பக்கம் போய்விடுங்கள். நாய் ஓடி வந்து நான்கு கால்களையும் சரிந்த பெட்டியின் மேல் வைத்து, பந்தைக் கவ்வி, நீச்சல்காரர் சுவரை உதைத்துத் திரும்புகிற மாதிரி அதே வேகத்தில் திரும்பும். கண் சிமிட்டினால் போய்விடும். அஜிலிட்டி என்கிற தடை ஓட்டத்தில், நாய் வளைந்து நெளிந்து போகும் கம்பங்களின் பக்கவாட்டில் நில்லுங்கள்.

அப்புறம் இன்னொன்று, எங்கே போனாலும் நான் எல்லோரிடமும் சொல்வது இதைத்தான்: ஓடும் நாயை மட்டும் பார்க்காதீர்கள். முறை வருவதற்கு முன் ஓரத்தில் காத்திருக்கும் நாயைப் பாருங்கள், முடித்துவிட்டு வெளியே வரும் நாயையும் பாருங்கள். அந்த நாய் எப்படி வளர்க்கப்பட்டிருக்கிறது, எப்படிப் பழக்கப்பட்டிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

அஜிலிட்டியில் நாய் ஓடுகிறது, தாண்டுகிறது, புரிகிறது. ஆனால் சில நாய்கள் எதையும் கீழே தள்ளாமலே தோற்றுவிடுகின்றன. எப்படி?

மூன்று விஷயங்களைக் கவனியுங்கள், பாதி விளங்கிவிடும். ஏறி இறங்கும் சரிவுப் பலகைகளின் அடிப்பகுதியில் வேறு நிறம் பூசியிருக்கும், நாயின் ஒரு பாதமாவது அந்த இடத்தில் பட்டே ஆக வேண்டும். மேலேயிருந்து குதித்து இறங்கினால் 5 தவறுப் புள்ளிகள். அது நாயின் தோளையும் முட்டியையும் காப்பாற்ற வந்த விதி. இரண்டாவது, நெளி கம்பங்கள். முதல் கம்பம் எப்போதும் நாயின் இடது தோள் பக்கம் இருக்கும்படிதான் நுழைய வேண்டும், எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வந்தாலும் சரி. பெரும்பாலும் 12 கம்பங்கள், ஒன்றுக்கொன்று ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் இடைவெளி. நாய்க்கு ஆகக் கடினமான தடை இதுதான், ஏனென்றால் தாண்டுவதும் குகைக்குள் நுழைவதும் நாய் தானாகவே செய்யக்கூடியவை, கம்பங்களுக்கு நடுவே நெளிந்து ஓடுவது அப்படி இல்லை, முழுக்க முழுக்கக் கற்றுக்கொண்டது. மூன்றாவது, வரிசை. தடைகளுக்கு எண் போட்டிருக்கும், எண் மாறி ஒன்றில் ஏறிவிட்டால் அந்தச் சுற்றே போய்விட்டது.

பெரும்பாலும் அது நாயின் தவறாக இருக்காது. நாய்க்கு எண் தெரியாது. கூட ஓடி நாயை நடத்தும் ஹேண்ட்லரின் தோள் எந்தப் பக்கம் திரும்புகிறதோ, கால் எந்தப் பக்கம் நீளுகிறதோ அங்கே அது போகும். போட்டிக்கு முன்னால் நாயே இல்லாமல் ஹேண்ட்லர்கள் மட்டும் மைதானத்தில் கையை நீட்டி, திரும்பி, தனியாக ஓடிப் பார்ப்பார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய் அதையும் காட்டுங்கள். பாதையை மனப்பாடம் செய்வது மனிதர்தான்.

இந்த விளையாட்டு பிறந்ததே இடைவேளையை நிரப்பத்தான். 1978-ல் லண்டனில் நடந்த கிரஃப்ட்ஸ் நாய்க் கண்காட்சியில், பெரிய போட்டிகளுக்கு நடுவே கூட்டம் சலிப்படையாமல் இருக்க, குதிரைகளின் தடை தாண்டும் போட்டியைப் பார்த்து நாய்களுக்கு ஒன்று அமைத்தார்கள். பார்த்தவர்கள் விடவில்லை, இன்று உலகம் முழுக்க ஆடுகிறார்கள்.

ஃப்ளைபால் நாய்கள் ஏன் அப்படிக் காதைக் கிழிக்கும்படி குரைக்கின்றன? கோபமா? என் மகன் பயந்து அழுதுவிட்டான்.

கோபம் இல்லை, பொறுக்க முடியாத ஆர்வம். ஒரு அணிக்கு நான்கு நாய்கள், தாண்ட நான்கு தடைகள், கோடியில் பெட்டி, பெட்டியை அழுத்தினால் பந்து வெளியே வரும், அதைக் கவ்விக்கொண்டு திரும்பி வந்ததும் அடுத்த நாய். தொடக்கக் கோட்டிலிருந்து பெட்டிக்கு 51 அடிதான், அதனால் உலகின் ஆகச் சிறந்த அணிகளில் நான்கு நாய்களும் ஓடி முடிக்க 15 நொடிகூட ஆவதில்லை. இன்னும் சில நொடிகளில் தனக்குப் பந்து கிடைக்கப்போகிறது என்று தெரிந்த நாய் எப்படிச் சும்மா நிற்கும்? வாலைப் பாருங்கள், உடம்பு முழுக்க முன்னால் சாய்ந்திருப்பதைப் பாருங்கள். கோபப்படும் நாயின் உடம்பு விறைக்கும், எதிரில் இருக்கும் நாயையோ மனிதரையோ முறைக்கும். இவை பெட்டியை விட்டுக் கண்ணை எடுக்காது.

மகனை அடுத்த முறை கொஞ்சம் தள்ளி உட்காரவையுங்கள், காதை மூடிக்கொள்ளவும் சொல்லலாம். ஒவ்வொரு அணியிலும் ஆகக் குட்டியான நாய் எது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். தடையின் உயரம் அந்தச் சின்ன நாயின் உயரத்தை வைத்துத்தான் தீர்மானிக்கப்படுகிறது, அது இருப்பதால்தான் பெரிய நாய்களுக்கும் தடை தாழ்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளைகள் அதற்கப்புறம் குட்டி நாய்க்குத்தான் கைதட்டுகிறார்கள்.

இவ்வளவு பேர் நடுவில் நாய்களை ஓடவிட்டு வேடிக்கை பார்ப்பது கொடுமை இல்லையா? போகலாமா வேண்டாமா என்று எங்கள் வீட்டில் பெரிய விவாதம்.

இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டுப் போகிறவர்கள்தான் நல்ல பார்வையாளர்கள். ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் முடிக்க எனக்கு விருப்பமில்லை, ஏனென்றால் இரண்டு விதமாகவும் நடக்கிறது, வித்தியாசத்தை நீங்களே கண்டுபிடிக்க முடியும்.

மேய்ப்பதற்கும் மோப்பம் பிடிப்பதற்கும் எடுத்து வருவதற்கும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட நாய்களுக்கு வேலை என்பது தேவை. வேலை கிடைக்காத மேய்ப்பு நாய் வீட்டில் நிழலைத் துரத்தும், வாலைச் சுற்றும், கதவைப் பிறாண்டும். அதனால் ஓடுவதும் தேடுவதும் கொடுமை அல்ல, எப்படிப் பழக்கினார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் முன்னே சொன்ன காத்திருக்கும் நாயிடம் வாருங்கள். மைதானத்துக்குள் போக அது ஹேண்ட்லரை இழுக்கிறதா, இல்லை ஹேண்ட்லர் அதை இழுக்க வேண்டியிருக்கிறதா? வாய் லேசாகத் திறந்து, காதும் முகமும் தளர்வாக இருந்தால் நல்லது. வால் காலுக்கிடையில் செருகியிருந்தால், பசியோ சாப்பாடோ இல்லாத நேரத்தில் உதட்டை நக்கிக்கொண்டே இருந்தால், தூக்கமில்லாமலே கொட்டாவி விட்டால், கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிந்தால் அந்த நாய்க்கு அங்கே இருக்கப் பிடிக்கவில்லை.

அடுத்து, நாய் தவறு செய்யும் அந்த ஒரு நொடி. நன்றாகப் பழக்குகிறவர் சிரிப்பார், அல்லது ஒன்றும் சொல்லாமல் மறுபடி முயல்வார், நாயும் அலட்டிக்கொள்ளாது. ஹேண்ட்லர் லீஷை வெடுக்கென்று இழுத்தால், அல்லது அவர் கையைத் தூக்கியதுமே நாய் தரையோடு பதுங்கினால், மைதானத்துக்கு வெளியே என்ன நடந்திருக்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தையும் பாருங்கள். உள்பக்கம் முள் வைத்த பட்டை, மின்னதிர்ச்சி தரும் பட்டை இருந்தால் எனக்கு அங்கே நிற்க மனம் வராது. மின்னதிர்ச்சிப் பட்டையை வேல்ஸ் 2010-லேயே தடை செய்துவிட்டது, அது இல்லாமலே அங்கே நாய்கள் அருமையாக மந்தை ஓட்டிக்கொண்டுதான் இருக்கின்றன.

என் சொந்தக் கருத்து ஒன்று. நெருப்பு வளையத்துக்குள் நாயைப் பாயவைப்பது சில செயல்விளக்கங்களில் இன்னும் நடக்கிறது. எந்த நாயின் எந்த வேலைக்கும் அது தேவைப்படுவதில்லை, கூட்டம் வாயைப் பிளக்க வேண்டும் என்பதற்காக மட்டுமே செய்வது. நீண்ட நேரம் பின்னங்காலில் நடக்கவைப்பதும் அப்படியே, இடுப்புக்கும் முதுகுக்கும் கேடு. அவற்றுக்கு நான் கைதட்டுவதில்லை, என்னோடு வரும் பிள்ளைகளுக்குக் காரணத்தையும் சொல்லிவிடுவேன். அமைப்பாளர்களிடம் மரியாதையாக எழுதிச் சொல்லுங்கள், நிறையப் பேர் சொன்னால் மாற்றுகிறார்கள்.

ஆகவே போங்கள். போய் நாயைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

மந்தை ஓட்டும் நாயின் நிகழ்ச்சியில் ஆடுகள் பயந்து ஓடுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நாய் கடித்துவிடாதா?

ஆடுகள் பயந்து சிதறி ஓடினால் அந்த நாய் தன் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்றுதான் அர்த்தம். நல்ல மேய்ப்பு நாய் வேலை செய்யும்போது ஆடுகள் நடக்கும், அல்லது மெதுவான ஓட்டத்தில் ஒன்றாக நகரும். ஆட்டைச் சுற்றி ஒரு எல்லை உண்டு, அதற்குள் நாய் வந்தால் ஆடு விலகும், வெளியே இருந்தால் நின்று பார்க்கும். நாயின் கெட்டிக்காரத்தனமெல்லாம் அந்த எல்லையின் விளிம்பிலேயே உடம்பை வைத்துக்கொள்வதில் இருக்கிறது. பார்டர் கோலி என்னும் மேய்ப்பு இன நாயைப் பக்கத்திலிருந்து கவனியுங்கள்: தலை தோளுக்குக் கீழே தாழ்ந்திருக்கும், வால் கீழே தொங்கும், ஒரு முன்னங்கால் தூக்கியபடி அந்தரத்தில் நிற்கும், பார்வை ஆட்டை விட்டு அசையாது. குரைக்காது. அந்தப் பார்வையாலேயே ஆட்டை நகர்த்தும். கடிக்கிற நாயை மேய்ப்பர்கள் ஒத்துக்கொள்வதில்லை, போட்டியில் கடித்தால் வெளியேற்றிவிடுவார்கள்.

இன்னொரு விஷயத்தைக் கேட்டால் பிள்ளைகள் உடனே எட்டிப் பார்ப்பார்கள். மேய்ப்பரும் நாயும் மந்தைக்கு எதிரெதிர்ப் பக்கத்தில்தான் இருக்கப் பார்ப்பார்கள். மேய்ப்பர் இடப்பக்கம் நகர்ந்தால் நாய் தானாக எதிர்ப் பக்கம் நகர்ந்து ஈடுகட்டும், யாரும் கட்டளை கொடுக்காமலே. ‘கம் பை’ என்றால் மந்தையைக் கடிகார முள் சுற்றும் திசையில் சுற்றி வா, ‘அவே’ என்றால் எதிர்த் திசையில். தூரத்தில் குரல் எட்டாதபோது அதையே விசிலில் சொல்வார்கள். ஒவ்வொரு நாய்க்கும் தனி விசில் மெட்டு பழக்கிவிட்டால், ஒரே வயலில் இரண்டு நாய்களைத் தனித்தனியாக நகர்த்தலாம்.

பிரிட்டனின் முதல் மேய்ப்பு நாய்ப் போட்டி 1873-ல் வேல்ஸின் பாலா என்ற ஊரில் நடந்ததாகச் சொல்வார்கள். இன்று இடம் குறைவான விழாக்களில் ஆட்டுக்குப் பதிலாக வாத்துகளைக் கொண்டு வருகிறார்கள், வாத்தும் கூட்டமாகவே நகரும் என்பதால் நாய்க்கு வேலை ஒன்றுதான். வெயில் நேரத்தில் வாத்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறதா என்று பாருங்கள். அக்கறையுள்ளவர் அந்த நேரத்தில் நிகழ்ச்சியை நிறுத்தி, நிழலும் தண்ணீரும் கொடுப்பார்.

மோப்ப நாய் வெடிபொருளைக் கண்டுபிடித்ததும் குரைக்காமல் சும்மா உட்கார்ந்துவிட்டது. அதற்கு ஆபத்து புரிகிறதா என்று என் மகள் கேட்கிறாள்.

புரியாது, புரியவும் வேண்டாம். அந்த வாசனை எங்கே இருக்கிறதோ அங்கே உட்கார்ந்தால் பந்து கிடைக்கும், நாய்க்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதனால்தான் மகிழ்ச்சியோடு தேடுகிறது. வெடிபொருளைப் பிறாண்டினாலோ தள்ளினாலோ என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை, ஆகவே அந்த வேலைக்குப் பழக்கும் நாய்கள் அசையாமல் உட்காரும் அல்லது உறைந்து நிற்கும். இடிபாடுகளுக்குள் மனிதரைத் தேடும் நாய் நேர் எதிர், கண்டதும் குரைத்துக்கொண்டே நிற்கும், ஆள் வந்து சேரும் வரை.

மனித மூக்கில் வாசனை உணரும் செல்கள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20, 30 கோடி வரை இருக்கும். அதைவிட எனக்குப் பிடித்தது மூக்கின் அமைப்பு. நாயின் மூக்குத் துளையின் பக்கவாட்டில் ஒரு வெட்டு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மூச்சை வெளியே விடும்போது காற்று அந்த வெட்டு வழியாகப் பக்கவாட்டில் போகிறது, முன்னால் இருக்கும் வாசனை கலைவதில்லை. நொடிக்கு ஐந்து தடவைபோல முகர்ந்துகொண்டே போக முடிவது இப்படித்தான். அடுத்த முறை மகளை நாய்க்குப் பதிலாகக் காற்றைக் கவனிக்கச் சொல்லுங்கள். நாய் ஓடிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று தலையைத் திருப்பும், உடம்பு அப்புறம்தான் திரும்பும். வாசனை மூக்கில் பட்ட இடம் அது. காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பார்த்துவிட்டால், நாய்க்கு முன்னாலேயே ஒளித்துவைத்த பெட்டியை அவளே ஊகித்துவிடலாம்.

போலீஸ் நாய் ஒருவரின் கையைக் கவ்விப் பிடிக்கும் காட்சி சின்னப் பிள்ளைகளுக்கு ஏற்றதா?

ஐந்து வயதுக்குக் கீழே என்றால் வேண்டாம் என்பேன். பெரிய பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: அந்த ஆள் போட்டிருப்பது தடித்த பாதுகாப்பு உடை, அவரும் பயிற்சியாளர்தான், நாய்க்கு அது ஒரு இழுத்து விளையாடும் ஆட்டம். கவ்வுவதைப் பார்த்து எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள், நான் பார்ப்பது விடுவதை. ஒரே சொல்லில் வாயைத் திறந்து பின்வாங்கி உட்கார்ந்தால்தான் அது பழக்கப்பட்ட நாய், மூன்று நான்கு தடவை கத்த வேண்டியிருந்தால் அந்த நாய் கூட்டத்துக்கு முன்னால் வரத் தயாராக இல்லை. அப்புறம், வீட்டுக்கு வந்து உங்கள் நாயிடம் துணி சுற்றிய கையை நீட்டி விளையாட எந்தப் பிள்ளையையும் அனுமதிக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

வழிகாட்டி நாயைத் தடவிக்கொடுக்கலாமா?

சேணம் மாட்டியிருக்கும்போது கூடாது. கூப்பிடவும், கண்ணைப் பார்த்துக் கொஞ்சவும், தின்ன எதுவும் கொடுக்கவும் கூடாது, அந்த நாயின் கவனத்தை நம்பித்தான் பார்வையற்ற ஒருவர் அடுத்த அடியை எடுத்துவைக்கிறார். சேணத்தைக் கழற்றிய பிறகு உரிமையாளரிடம் கேளுங்கள், சரி என்றால் சரி, வேண்டாம் என்றால் நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். முதல் உலகப் போரில் பார்வையிழந்த வீரர்களுக்காக 1916-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க்கில் தொடங்கியது இப்படி நாய்களைப் பழக்கும் பள்ளி, விழாக்களில் அந்த அமைப்புகள் கூடாரம் போட்டிருந்தால் பிள்ளைகளுக்கு நேரம் ஒதுக்கிக் காட்டுங்கள், நிதானமாகப் பதில் சொல்கிறவர்கள் அங்கே இருப்பார்கள்.

எங்கள் வீட்டு நாயையும் கூட்டிப்போகலாமா? நாய்களை அனுமதிக்கிறார்கள் என்று போட்டிருக்கிறது.

அனுமதி இருப்பதால் மட்டும் கூட்டிப்போகாதீர்கள். கூட்டம், ஒலிபெருக்கி, முன்பின் தெரியாத நாய்கள் இவற்றின் நடுவே உங்கள் நாய் நிம்மதியாக இருக்குமா? பட்டாசுச் சத்தத்துக்குக் கட்டிலுக்கடியில் ஒளியும் நாய் என்றால், வீட்டில் யாராவது துணைக்கு இருக்க, அதை வீட்டிலேயே விட்டுவிடுவது அன்பான காரியம். தடுப்பூசி முடியாத குட்டியை எடுத்துக்கொண்டு போகவே வேண்டாம்.

நிதானமான நாய் என்றால் கூட்டிப்போங்கள். நீளும் கயிறு வேண்டாம், அது பத்துப் பேர் காலைச் சுற்றும், ஒன்றரை மீட்டர் அளவில் சாதாரண லீஷ் போதும். தண்ணீரும் கிண்ணமும் நீங்களே எடுத்துப்போங்கள். வெயிலில் தரையைப் புறங்கையால் தொட்டு ஏழு நொடி வைத்திருக்கப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது. நாய்க்கு வியர்வை பாதத்தில் மட்டும்தான், மற்றபடி மூச்சிரைத்துத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது, அதனால் மூக்கு சப்பையான இனங்கள் மற்ற நாய்களுக்கு முன்பே தவித்துப்போகும். ஓயாத மூச்சிரைப்பு, அடர்சிவப்பான ஈறு, தள்ளாட்டம், வாந்தி இவற்றில் எது தெரிந்தாலும் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், விசிறிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள். ஈரத்துணியைப் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கும். காரில் விட்டுவிட்டு வருவது என்பது, கண்ணாடியை இறக்கி வைத்தாலும், ‘அஞ்சே நிமிஷம்’ என்றாலும் கூடவே கூடாது.

மற்ற நாய்களுக்கு அருகே உங்கள் நாயைக் கொண்டுபோகும் முன்னால் கேளுங்கள். முறைக்காகக் காத்திருக்கும் நாய்களின் பக்கம் போகவே வேண்டாம், அவை வேலையில் இருக்கின்றன.

எங்கள் நாய் கலப்பினம், ஆறு மாதம் ஆகிறது. ‘நீங்களும் முயன்று பாருங்கள்’ என்று ஒரு மைதானம் வைக்கிறார்களே, அதில் இறக்கலாமா? இனம் பார்ப்பார்களா?

இனம் ஒரு பிரச்சினையே இல்லை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப்பே 2010-ல் கலப்பின நாய்களுக்கு அஜிலிட்டிப் போட்டிகளைத் திறந்துவிட்டது. பிரச்சினை வயதுதான். ஆறு மாத நாயின் எலும்பு நுனிகள் இன்னும் முற்றவில்லை, ஏறக்குறைய ஒரு வயதிலிருந்து ஒன்றரை வயதுக்குள்தான் முற்றும், பெரிய நாய்க்கு இன்னும் தாமதம். பிரிட்டனின் கென்னல் கிளப் 18 மாதம் ஆகாத நாயை அஜிலிட்டிப் போட்டியில் சேர்ப்பதில்லை என்பதற்குக் காரணம் இதுதான். ஆகவே தாண்டவைக்க வேண்டாம். துணிக் குகைக்குள் நுழைந்து வெளியே வரட்டும், தரையில் கிடக்கும் கம்புகளைக் கடந்து நடக்கட்டும், ஆடாத தாழ்ந்த மேடையில் ஏறி நிற்கட்டும். பயந்தால் இழுக்காதீர்கள், தின்ன ஏதாவது கொடுத்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். அதிகம் வாலாட்டும் நாய், கூப்பிட்டதும் முதலில் ஓடிவரும் நாய் என்று வேடிக்கைப் போட்டிகள் இருந்தால் அவற்றில் தாராளமாகச் சேருங்கள்.

விழாவில் பார்டர் கோலியைப் பார்த்ததிலிருந்து மகள் அந்த நாய்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கிறாள். வாங்கலாமா?

இப்போது வேண்டாம். இந்த மாதிரி விழாக்களுக்குப் பிறகு ஒவ்வொரு முறையும் எனக்கு வரும் கடிதம் இது, சில மாதம் கழித்து அதே வீடுகளிலிருந்து ‘நாய் சைக்கிளைத் துரத்துகிறது, பிள்ளைகளின் குதிகாலைக் கவ்வுகிறது, என்ன செய்வது’ என்று இன்னொரு கடிதமும் வரும். அந்த நாய் கெட்டுப்போகவில்லை. ஓடுவதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு வர வேண்டும் என்பதற்காகவே வளர்க்கப்பட்டது, ஆடு கிடைக்காததால் உங்கள் பிள்ளைகளைச் சேர்க்கிறது. மைதானத்தில் நீங்கள் பார்த்த அந்தப் பத்து நிமிடத்துக்குப் பின்னால் வருடக்கணக்கான தினசரிப் பயிற்சி இருக்கிறது, அந்த ஹேண்ட்லரின் காலையும் மாலையும் நாயைச் சுற்றியே நடக்கின்றன.

மகளை அடுத்த விழாவில் நிகழ்ச்சி முடிந்ததும் ஹேண்ட்லரிடம் அழைத்துப்போங்கள், வேலை இல்லாத நாளில் இந்த நாயோடு என்ன செய்வீர்கள் என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். பெரும்பாலோர் மறைக்காமல் பதில் சொல்வார்கள். அதற்குப் பிறகும் நாய் வேண்டும் என்றால், காப்பகத்தில் குணம் தெரிந்த, வளர்ந்த நாயாகப் பார்க்கலாம். அஜிலிட்டி ஆட ஆர்வமுள்ள எந்த நாயும் போதும்.

எங்கள் நாய்க்குப் பன்னிரண்டு வயது, பின்னங்கால் வலி. ஓட முடியாது. விழாவில் மற்ற நாய்களைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து இதற்கு ஒன்றும் செய்யவில்லையே என்று இருக்கிறது.

அதன் மூக்குக்கு வலி இல்லையே. மோப்ப விளையாட்டை வீட்டிலேயே இன்றைக்கே ஆரம்பிக்கலாம். நான்கைந்து அட்டைப் பெட்டிகளை வாய் திறந்தபடி தரையில் பரப்புங்கள், வழுக்கும் தரை என்றால் கீழே பாய் போடுங்கள். நாய் பார்க்காதபோது ஒன்றில் மட்டும் அதற்கு ஆகப் பிடித்த தீனியைப் போடுங்கள். பிறகு நாயை விட்டுவிட்டு ஓரமாக நில்லுங்கள். கையைக் காட்டாதீர்கள், ‘அங்கே, அங்கே’ என்று சொல்லாதீர்கள், பெட்டியைப் பார்க்கக்கூட வேண்டாம், நாய் உங்கள் கண்ணைப் படித்துவிடும். அது கண்டுபிடித்துத் தின்னும்போது அதே பெட்டியில் இன்னும் ஒன்றிரண்டு துண்டு போடுங்கள், தேடிய இடத்திலேயே பரிசு என்று அதற்குப் பதியும். இரண்டு மூன்று முறை போதும், கிழட்டு நாய்க்கு இதுவே நல்ல களைப்பு.

ஒரு வாரம் போனதும் பெட்டியை லேசாக மூடிவையுங்கள், அப்புறம் அடுத்த அறைக்கு மாற்றுங்கள், நாற்காலியின் காலருகே, திரைச்சீலைக்குப் பின்னால் என்று இடத்தைக் கடினமாக்குங்கள். குனிய வேண்டிய, ஏற வேண்டிய இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், இந்த வலிக்கு அதன் மூக்கு உயரமே சரி. மருத்துவரிடம் காட்டி வலிக்கு மருந்து கொடுக்கிறீர்கள் என்று நம்புகிறேன், இல்லை என்றால் முதலில் அதைச் செய்யுங்கள். மோப்பப் போட்டிகளில் வயதான நாய்களும், காது கேளாத நாய்களும், மூன்று கால் நாய்களும் மற்றவற்றோடு சேர்ந்தே தேடுகின்றன. உங்கள் நாய் எந்தப் பெட்டியில் முதலில் தலையை விட்டது என்று எனக்கு எழுதுங்கள்.